வெளியே தெரியாமல் உடைந்த ஒயர்

கண்ணு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி. உறையைப் பிரித்தபோது ஒரு சின்ன பேப்பர் பொட்டலமும் கீழே விழுந்திருக்கும். அதை இப்போது பிரிக்க வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுத்தவள் சொல்கிறேன், சோதனையைச் செய்யாமல் விடையைப் பார்க்கக் கூடாது. தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "சாப்டியாடா" என்று கேட்டேன், "சாப்ட்டேம்மா" என்றாய், பத்திரிகை யார் யாருக்குப் போயிற்று என்று பேசிவிட்டு வைத்துவிட்டோம். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது உன்னால் குறுக்கே பேச முடியாது, என்னாலும் பேச்சை மாற்ற முடியாது.

போன வாரம் நிவேதா அவள் அம்மாவோடு புடவைக்கு ரவிக்கை அளவு கொடுக்க செஞ்சிக்கு வந்திருந்தாள். நல்ல பெண். கேள்வி கேட்கிற பெண். கேள்வி கேட்கிற பிள்ளைகளை எனக்கு எப்போதும் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும். நான் டீ போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா? அவரு ரூம்ல ஃபேன் ரெகுலேட்டர் போயி ஆறு மாசம் ஆவுது. ஆள் வரலைன்னு அப்படியே உட்டு வச்சிருக்காரு. நீங்களே மாத்தக் கூடாதான்னு கேட்டா, எனக்கு ஒயர் வேலைன்னா கைராசி இல்லன்றாரு. மெக்கானிக்கல் படிச்சவருக்கு ரெகுலேட்டர் மாத்தத் தெரியாதா?" என்று சிரித்தாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டுப் பேச்சு. நான் பால் பொங்குகிற சாக்கில் அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டேன். உனக்கா கைராசி இல்லை? எட்டு வயதில் என் டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டு, அடி வாங்கி, அழுதுகொண்டே மறுபடி மாட்டி ஓட வைத்தவன் நீ. அந்தக் கைக்கு ராசி இல்லை என்ற நினைப்பு உனக்கு எப்படி வந்தது என்று இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நம் காரிலிருந்து ஆரம்பிக்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நிவேதாவும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் முழுசாகவே சொல்கிறேன். என் அப்பா, உன் தாத்தா, ஒரு ஆஸ்பத்திரி டாக்டருக்கு டிரைவராக இருந்தார். அந்தச் சாம்பல் நிற இங்கிலீஷ் காரை இருபது வருஷம் ஓட்டினார். ஊரைவிட்டுப் போகும்போது டாக்டர் அதை அவர் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு சென்ட் நிலம் இல்லாத எங்கள் தெருவில், சைக்கிளே நாலு வீட்டில்தான் இருந்த காலத்தில், வாசலில் ஒரு கார் நின்றது. சொந்தமான பிறகும் அவர் அதை அடுத்தவர் வண்டி மாதிரியேதான் ஓட்டினார். மீட்டரில் முள் நாற்பது மைலைத் தாண்ட விட மாட்டார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோதும் அதே சட்டம்தான். "நாப்பது போதும்மா. அதுக்கு மேல போனா வண்டி அழுவுது, கேக்கல?" என்பார். உண்மையிலேயே அழும். நாற்பதுக்கு மேல் அந்த என்ஜின் போடுகிற சத்தம் உனக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வண்டியில்தான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தேன். ஊரில் அதற்கு ‘டீச்சர் வண்டி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. உன் நைனா மட்டும் அதில் ஏறும்போதெல்லாம் முருகனைக் கூப்பிடுவார்.

நீ காலேஜ் முடித்து வந்த வருஷம், அந்த வண்டிக்கு ஓவர்டிரைவ் போடப் போகிறேன் என்று ஆரம்பித்தாய். சென்னையில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டி ஒன்றில் இருந்த பெட்டியைக் கண்டுபிடித்துக் கோணியில் சுற்றி பஸ்ஸில் எடுத்துவந்தாய். அதை கியர் பாக்ஸுக்குப் பின்னால் பொருத்த லேத் பட்டறையில் எத்தனை நாள் உட்கார்ந்தாய், எனக்குக் கணக்கு இல்லை. பிறகு ஒயர் இழுத்து, டேஷ் போர்டில் சின்னதாக ஒரு ஸ்விட்ச் வைத்தாய். அதே சமயத்தில் பெங்களூர் கம்பெனி ஒன்றிலிருந்து உனக்கு வேலைக்கான கடிதமும் வந்திருந்தது. நீயோ திண்டிவனம் ரோட்டில் ஒரு ஷெட் எடுத்து, பழைய வண்டிகளைச் சரிசெய்கிற பட்டறை போடப் போவதாகச் சொன்னாய். "இது ஓடிச்சின்னா பட்டறைம்மா. ஓடலைன்னா பெங்களூர்" என்றாய். நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் அதைச் சிரித்துக்கொண்டு கேட்கவில்லை.

ஓவர்டிரைவ் என்றால் என்ன என்று நான் உன்னைக் கேட்கவே இல்லை. இதுதான் என் முதல் தப்பு. வகுப்பில் தெரியாத சொல் வந்தால் கையைத் தூக்கு, கேள், வெட்கப்படாதே என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொன்னவள், என் வீட்டில், என் வண்டியில், என் பிள்ளை ஒரு சொல்லைக் கொண்டுவந்து வைத்தபோது கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டேன். நம் ஊரில் ஓவர் என்றால் ஒரே அர்த்தம்தானே. ஓவரா பேசாதே, ஓவரா ஆடாதே, அவன் ஓவரா போறான். உன் நைனாவும் தூபம் போட்டார். "பேர்லயே இருக்குதே, ஓவர்னு. வேற இன்னாத்துக்கு அது? வண்டிய ஓவரா ஓட்டத்தான்" என்றார். அதற்கு மேல் நீ யாரிடமோ போனில், "இத மட்டும் போட்டுட்டா வண்டி பறக்கும்டா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் கவிழ்ந்து கிடக்கிற சாம்பல் நிற வண்டி ஒன்று கண்ணை மூடினாலும் தெரிந்தது, திறந்தாலும் தெரிந்தது.

இனி சொல்லப்போவதை எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது. நீ ஓட்டிப் பார்ப்பதற்கு முந்தின நாள் மத்தியானம், பிரேக் ஆயில் வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். நான் வண்டிக்குள் ஏறி, டேஷ் போர்டுக்கு அடியில் கையை விட்டேன். நீ இழுத்திருந்த ஒயரைப் பிடித்து, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக மடக்கினேன். மடக்கிக்கொண்டே இருந்தேன். உள்ளே செம்பு உடைந்துவிட்டது. மேலே ரப்பர் உறையில் ஒரு கீறல் இல்லை. இது எனக்குப் பழகின வேலை, கண்ணு. செய்முறைத் தேர்வுக்கு இப்படித்தான் ஒயர்களைத் தயார் செய்து வைப்பேன். பார்த்தால் நல்ல ஒயர், உள்ளே துண்டாகியிருக்கும். எந்தப் பிள்ளை கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பேன். அதிலும் கெட்டிக்காரத்தனமான ஒரு முறை உண்டு. உடைந்த முனைகள் உறைக்குள்ளேயே ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும்படி விட்டுவிட்டால், சின்ன பல்பை வைத்துச் சோதித்தால் எரியும். கனமான மின்னோட்டம் கேட்கும் சாமானை மாட்டினால் கைவிரித்துவிடும். முதல் மாணவனே அதில் ஏமாந்துபோவான். உனக்கு நான் அந்த ஒயரைத்தான் செய்து வைத்தேன்.

மறுநாள் நீயும் உன் சிநேகிதனும் வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாய். "ஸ்விட்ச போட்டா ஒண்ணுமே ஆவல" என்றாய். மூன்று வாரம் வண்டிக்கு அடியிலேயே கிடந்தாய். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தாய், எரிந்தது. ஒயரில் குறையில்லை என்று முடிவு செய்து, பெட்டியையே இறக்கிப் பிரித்தாய். அதில் என்ன குறை இருக்கும்? மறுபடி மாட்டினாய். மறுபடி ஓடவில்லை. உடம்பெல்லாம் கிரீஸோடு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "எனக்கு வராதும்மா இது. கைராசி இல்ல" என்றாய். அந்தச் சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். நான் எதிரில் உட்கார்ந்து உனக்குக் குழம்பு ஊற்றினேன். அந்த மாதக் கடைசியில் நீ பெங்களூருக்கு பஸ் ஏறினாய்.

பயத்தால் செய்தேன் என்று மட்டும் சொல்லித் தப்பித்துவிடலாம். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். நீ பஸ் ஏறிப் போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்தவர் வண்டியைத் துடைத்துக் கொண்டிருந்த டிரைவரின் பெண் டீச்சரானாள், அவள் பிள்ளை மறுபடி வண்டிக்கு அடியில் படுப்பதா என்ற வீம்பு எனக்குள் இருந்தது. கண்ணாடிக் கட்டடத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நீ நிற்கிற போட்டோவைத் தெருவில் எல்லோருக்கும் காட்டினேன். காட்டும்போதே உள்ளே குறுகுறுக்கும். இந்தத் தீபாவளிக்குச் சொல்லிவிடலாம், பொங்கலுக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஆறு வருஷம் ஓடிவிட்டது. நீ வீட்டுக்கு வருவாய், வண்டி பக்கம் மட்டும் போக மாட்டாய். ஷெட்டில் துணி போட்டு மூடிக் கிடக்கும். "வித்துடும்மா" என்பாய். நானும் விற்கவில்லை, ஓட்டவும் இல்லை.

நிவேதா போன மறுநாள் துணியை எடுத்தேன். ஆட்டோ எலக்ட்ரீஷியன் அன்வர் பாயைக் கூப்பிட்டேன். அவருக்கு எழுபது ஆகிவிட்டது, கை மட்டும் இன்னும் இருபது வயதில் இருக்கிறது. "இன்னா டீச்சர், கல்யாணத்துக்கு வண்டி ரெடி பண்றீங்களா?" என்றார். என்ன குறை என்று அவர் தேடுவதற்கு முன்பே, "பாய், இந்த இடத்துல ஒயர் உடஞ்சிருக்குது" என்று காட்டினேன். உறையைத் தடவிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேல ஒரு அடியும் இல்லையே, எப்டி கண்டுபுடிச்சீங்க?" என்றார். நான் கட்டிங் பிளேயரை எடுத்து நீட்டினேன். அவரும் பெரிய மனுஷர், திரும்பக் கேட்கவில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது ஒயர் போட்டார், ஆறு வருஷம் நின்ற வண்டிக்கு பேட்டரி, ஆயில், பெட்ரோல் எல்லாம் மாற்றினார்.

அப்போதுதான் நீ செய்த வேலையை முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன். ஒவ்வொரு ஒயரிலும் வெள்ளை டேப் சுற்றி பேனாவால் பெயர் எழுதியிருக்கிறாய். ‘பேட்டரி’, ‘ஸ்விட்ச்’, ‘ரிலே’, ‘காயில்’. என் மாணவர்களில் ஒருத்தன்கூட இவ்வளவு சுத்தமாகச் சுற்று அமைத்ததில்லை. கியர் பாக்ஸ் மூடிக்குப் போகிற ஒயர் ஒன்றில் மட்டும் ‘அம்மா’ என்று எழுதியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைக் கிண்டல் செய்கிறாயோ என்று நினைத்தேன். "பாய், இது இன்னாத்துக்கு?" என்று கேட்டேன். இந்த முறையாவது கேட்டேனே.

அவர் வண்டிக்கடியில் தலையை விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இங்க ஒரு குட்டி ஸ்விட்ச் வச்சிருக்கான் பாருங்க டீச்சர். டாப் கியர்ல இருந்தாதான் ஓவர்டிரைவுக்கு கரண்ட் போவும். டேஷ்ல இருக்கிற ஸ்விட்ச யாரனா போட்டுட்டு அணைக்க மறந்துட்டாங்கன்னு வச்சிக்கங்க, அப்டியே ரிவர்ஸ் எடுத்தா உள்ள இருக்கிறது எல்லாம் நொறுங்கிப் போயிடும். இது இருந்தா பயமில்ல, மறந்தாலும் ஒண்ணும் ஆவாது" என்றார். பிறகு வெளியே வந்து, நம் வீட்டுச் சந்துப் பக்கம் பார்த்தார். நம் வீட்டிலிருந்து வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. மெயின் ரோடு வரைக்கும் தினமும் ரிவர்ஸில்தான் போக வேண்டும். "உங்களுக்குன்னு யோசிச்சுப் போட்டிருக்கான்" என்றார்.

பாத்ரூம் லைட், மோட்டார், அயர்ன் பாக்ஸ், எதையும் நான் அணைப்பதில்லை. சின்ன வயதிலிருந்து நீதான் என் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக அணைப்பாய். ‘கரண்ட் டீச்சர்’ என்று எனக்குப் பெயர் வைத்தவன் நீ. நான் அந்த ஸ்விட்சையும் அணைக்க மறப்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னைத் திட்டாமல், என் மறதிக்கும் சேர்த்து ஒரு ஒயர் இழுத்து வைத்திருக்கிறாய். அதற்கு ஒரு அடி தள்ளி இருந்த ஒயரைத்தான் நான் மடக்கி உடைத்தேன். அங்கேயே, கிரீஸ் தரையில், உட்கார்ந்து அழுதேன். அன்வர் பாய் டீ குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.

டீ குடித்துவிட்டு வந்தவர் சாவியைத் திருப்பி, டாப் கியரில் போட்டு ஸ்விட்சைத் தட்டச் சொன்னார். தட்டினேன். அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். வரிச்சுருள்! பத்தாம் வகுப்புப் பாடம். மின்சாரம் போனால் காந்தமாகி இரும்பை இழுக்கும் என்று வருஷம் தவறாமல் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். என் வண்டிக்குள்ளேயே ஒன்று இருந்து, அதை நானே வாயடைத்து வைத்திருந்தேன்.

மறுநாள் காலை விழுப்புரம் ரோட்டில் எடுத்துக்கொண்டு போனோம். நான்தான் ஓட்டினேன். மண்டகப்பட்டு போகிற பாதை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், முள் நாற்பதைத் தொட்டு, என்ஜின் அழ ஆரம்பித்தது. ஸ்விட்சைப் போட்டேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு அழுகை நின்றுவிட்டது. என்ஜின் நின்றுவிட்டது என்றே நினைத்து பயந்துபோனேன். முள்ளைப் பார்த்தால் அதே நாற்பது. வண்டி அதே வேகத்தில் போகிறது, என்ஜின் மட்டும் மெதுவாகச் சுற்றுகிறது. அணைத்தேன், அழுதது. போட்டேன், அடங்கியது. புது பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி நாலைந்து முறை போட்டுப் போட்டு அணைத்தேன். "டீச்சர், ஸ்விட்ச் தேஞ்சிடும்" என்றார் பாய். ஓவர் என்றால் இதுதானா? குட்டிக் குட்டி அடியாக ஓடிக் களைத்தவன், அதே வேகத்துக்கு நிதானமாக எட்டி எட்டி நடக்கிற மாதிரி. உன் தாத்தா வாழ்நாள் பூராவும் அந்த வண்டி அழக்கூடாது என்றுதான் நாற்பதைத் தாண்டாமல் இருந்தார். நீ அந்த அழுகையைத்தான் நிறுத்தியிருக்கிறாய். அவர் இருந்திருந்தால் உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பார்.

மண்டகப்பட்டில் வண்டியை நிறுத்திவிட்டு குகைக் கோயில் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். செங்கல் வேண்டாம், மரம் வேண்டாம், பாறையைக் குடைந்தே கோயில் செய்து பார்க்கிறேன் என்று அந்தக் காலத்தில் கிளம்பிய ஒரு ராஜா செய்த கோயில் அது. அவன் அம்மாவும் "இன்னாடா, ஓவரா போறே" என்று சொல்லியிருப்பாளோ என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. சொல்லியிருந்தாலும் அவன் உளியை அவள் ஒளித்துவைக்கவில்லை. அங்கே உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். புத்தி சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது ஒன்று இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொள். அவள் சொல்கிற ஏதாவது ஒரு சொல் உனக்குப் பிடிக்கவில்லையென்றால், அதன் அர்த்தத்தை முதலில் அவளிடமே கேள். எதையாவது உடைத்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு, மறுநாள் அதைச் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம், ஆறு வருஷம் கழித்துச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று இந்தக் கடிதத்தின் நீளத்தைப் பார்த்துத் தெரிந்துகொள். நீயும் நானும் இந்த ஆறு வருஷமும் அந்த ஒயர் மாதிரிதான் இருந்தோம். சாப்டியா, சாப்ட்டேன். சின்ன பல்பு எரிந்தது. நீங்கள் இருவரும் அப்படி இருந்துவிடக் கூடாது.

பட்டறை போடு என்று இப்போது சொல்ல எனக்கு வாயில்லை. உன் வேலை உனக்குப் பிடித்தும் போயிருக்கலாம். அது எனக்குத் தெரியாது, இதையும் நான் கேட்டதில்லை. நீயே சொல். கோபம் வந்தால் கோபப்படு, போன் எடுக்காமல் இரு, நான் காத்திருக்கிறேன். வண்டியை விற்பதா வேண்டாமா என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். அது இப்போது என்னுடையதைவிட உன்னுடையது.

இனி பொட்டலத்தைப் பிரி. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு துண்டு ஒயர் இருக்கும். கண்ணால் பார், ஒரு குறையும் தெரியாது. சின்ன பல்பை மாட்டிப் பார், எரியும்; உன் டெஸ்ட் லேம்ப் ஏன் உன்னை ஏமாற்றியது என்று அப்போது புரியும். பிறகு இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக வளைத்துப் பார். நடுவில் ஓரிடத்தில் மட்டும் எலும்பே இல்லாதது போல் மடங்கிவிடும். அதைச் செய்தது என் கை. நீ போட்ட சுற்றில் ஒரு தப்பும் இல்லை, முதல் நாளே சரியாகத்தான் இருந்தது. இதை நிவேதாவிடமும் காட்டு. காட்டிவிட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அந்த ஃபேன் ரெகுலேட்டரை நீயே மாற்று.

அம்மா